முன்னேறுவதா, காத்து நிற்பதா?

மூடுபனி சற்றே விலகிய ஞாயிறு மாலையில் கொட்டகலைப் பகுதித் தோட்ட மைதானங்களில் நடைபெறும் உதைபந்தாட்டம் காணத்தக்கது. வாரம் முழுவதும் மலையேறி இறங்கும் கால்கள் அல்லவா! ஓட்டத்திற்கு அங்கே குறைவில்லை. ஆனால், பந்து எதிர்க்கோஷ்டியின் கோல் கம்பத்தை நெருங்கியதும் பின்வரிசையினரும் ஆசை மேலிட்டு முன்னே பாய்ந்துவிடுவதுண்டு. எதிரி பந்தைப் பறித்து நீள உதைத்தால், வெறுமையான மைதானத்தில் கோல்காப்பாளன் தனியனாக நிற்கிறான். தோல்வியின் பழியும் அவன் தலையிலேயே விழுகிறது.

அப்படியாயின், யாவரும் பின்னே நின்று காவல் புரிவதுதான் விவேகமா? அதுவும் அன்று. கோல் போடாத கோஷ்டி தோல்வியைத் தவிர்க்கலாம். வெற்றியை எங்ஙனம் பெறும்?

1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டி இதற்கு நல்ல விடை தருகிறது. இந்தியக் கோஷ்டி முதலாட்டத்தில் தென் கொரியாவிடம் 0–2 என்று தோற்றது. பின்னர், பின்வரிசையின் தூணாக விளங்கிய ஜர்னைல் சிங்கும் தலையில் காயமுற்றார். பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் என்ன செய்தார் தெரியுமா? அரையிறுதியில் அந்தக் காவல் வீரரை முன்வரிசையில் நிறுத்தினார்! அவர் விட்ட இடத்தைப் பிறரைக் கொண்டு நிரப்பினார். ஜர்னைல் சிங் அந்த ஆட்டத்திலும் கோல் போட்டார். இறுதியாட்டத்திலும் கோல் போட்டார். இறுதியில் எதிர்த்து நின்றது அதே தென் கொரியா. பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் முற்பாதியிலேயே இரு கோல்களைப் போட்டனர். பின்னர் கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜும் பின்வரிசையினரும் உறுதியுடன் காத்தனர். கொரியர் ஒரு கோலே போட முடிந்தது. 2–1 என்று தங்கப் பதக்கம் இந்தியாவுக்குக் கிட்டியது.

தாய் கொழுந்தெடுக்க மலைக்குச் செல்கையில் பாட்டி தொட்டிலருகே அமர்கிறாள் அன்றோ? மைதானத்திலும் அதுவே முறை. பின்வரிசை வீரன் முன்னேறினால், அப்பக்கத்து நடுவரிசை வீரன் அவனிடத்துக்கு இறங்க வேண்டும். பந்து பறிபோனால், அருகிலிருப்பவன் எதிரியைத் தாமதப்படுத்த வேண்டும். அதற்குள் ஏனையோர் தத்தம் இடம் சேர வேண்டும். மழையில் ஊறிய தரையில் திரும்பி ஓடுவது கடினமாதலால், மலைநாட்டில் இவ்வெச்சரிக்கை இருமடங்கு தேவை.

மாணவர்களே, அடுத்த முறை பந்தோடு முன்னே பாயுமுன் ஒரு கணம் திரும்பிப் பாருங்கள். உங்கள் இடத்தில் ஒருவர் நிற்கிறாரா? நின்றால், அச்சமின்றி முன்னேறுங்கள்!