இரத்தசோகையும் சர்க்கரைக் கணக்கும்

பொன்முடி மலைச்சரிவில் தேயிலைக் கொழுந்து கிள்ளும் பெண்மணி ஒருவர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறார் எனக் கொள்வோம். ‘மூன்று மாதச் சர்க்கரை’ 6.6 சதவீதம் என வருகிறது. 6.5 சதவீதத்தை எட்டினால் நீரிழிவு எனக் கொள்ளலாம் என்பதை உலக சுகாதார நிறுவனமும் 2011-இல் ஏற்றுள்ளது. ஆனால், வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்திலோ சர்க்கரை 92 மில்லிகிராம்தான். எதை நம்புவது?

மூன்று மாதச் சோதனை சர்க்கரையை நேரே அளப்பதன்று. சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை பங்கின்மீது சர்க்கரை ஒட்டியுள்ளது என்பதையே அது அளக்கிறது. ஓர் அணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். வயது ஏற ஏற, அதில் ஒட்டிய சர்க்கரையும் மிகும். அணுக்கள் பிறப்பதும் மடிவதும் முறையாக நடக்கும் வரையில் இக்கணக்குச் சரியே. இரும்புச் சத்துக் குறைந்தாலோ புதிய அணுக்களின் உற்பத்தி தளர்கிறது. முதிய அணுக்களின் விகிதம் கூடுகிறது. சர்க்கரை ஏறாமலே எண் ஏறுவதற்கு இதுவே முக்கிய காரணம் என்பர். ஏற்றம் பெரும்பாலும் சிறிதே. எனினும் எல்லைக்கோட்டருகே நிற்பவரை நோயாளியாக்க அச்சிறிதே போதும். ஏற்கெனவே மருந்துண்பவருக்கு அளவு தேவையின்றிக் கூட்டப்படின், சர்க்கரை அபாயகரமாகத் தாழவும் கூடும்.

இது அரிதாக நேர்வதன்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினர் சோகையுற்றவர். தோட்டப் பகுதிகளில் வெறுங்காலின் வழியே புகும் கொக்கிப்புழுவும் இரத்தத்தை உறிஞ்சும். உணவோடு பருகும் தேநீரோ இரும்பு உடலிற் சேர்வதைத் தடுக்கும். தேயிலை பறிப்பவர்க்கு இதைச் சொல்வது சற்றுச் சங்கடந்தான்!

மாறாக, இரத்தப்போக்கு நேர்ந்தாலும் இரத்தம் ஏற்றிக்கொண்டாலும் எண் தாழ்ந்து, மெய்யான நீரிழிவே மறையலாம்.

ஆதலின், ஐயம் எழுந்தால் ஹீமோகுளோபின், பெரிட்டின் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். நரம்பிலெடுத்த இரத்தத்தில் வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம், 75 கிராம் குளுக்கோஸ் பருகி இரண்டு மணி கழித்து 200 மில்லிகிராம் என்பவையே நீரிழிவின் எல்லைகள். கடுஞ்சோகையில் விரல்நுனிக் கருவியும் பிழைபடக் காட்டும். மாத்திரைகளை நாமாகவே நிறுத்துவது கூடாது.

கேரளத்தில் வாழும் நம்மவர் இரு சொற்களை அறிந்திருத்தல் நலம்: அங்கே சோகை ‘விளர்ச்ச’, நீரிழிவு ‘பிரமேகம்’. “விளர்ச்ச உண்டு” என மருத்துவரிடம் முதலிலேயே கூறிவிட்டு, அதன் பின் சர்க்கரை அறிக்கையை நீட்டலாம்.