காய்ச்சாத பால் தரும் காய்ச்சல்

"ஆட்டுப்பாலைக் கறந்த சூட்டோடு குடித்தால் உடம்புக்கு வலு" என்பது தோட்டப்புறத்துப் பேச்சு. குடும்பங்கள் ஈப்போ, சிலிபின் பக்கம் குடிவந்த பின்னும் அந்த நம்பிக்கை பலரிடம் மறையவில்லை. ஆனால் கறந்த சூடு என்பது ஆட்டின் உடற்சூடுதான். அதில் கிருமி சாகாது.

பேராக்கை அடுத்த பினாங்கில் நடந்ததைப் பாருங்கள். அங்கே ஒரு பண்ணையின் காய்ச்சாத ஆட்டுப்பாலைக் குடித்தவர்களில் 79 பேருக்கு ஓராண்டுக்குள் புருசெல்லா என்ற பாக்டீரியா நோய் கண்டறியப்பட்டது. 2015-இல் மருத்துவ இதழில் வெளிவந்த விவரம் இது. இரத்த மாதிரிகளைக் கையாண்ட பரிசோதனைக்கூட ஊழியர் 4 பேரையும் நோய் விடவில்லை.

நோய் இன்னதென்று தெரியவே சராசரியாக 53 நாட்கள் ஆயின. ஒருவருக்கோ 210 நாட்கள்! ஏன் இந்தத் தாமதம்? விட்டு விட்டுக் காய்ச்சல், வியர்வை, மூட்டுவலி, அசதி எல்லாம் டிங்கி போன்ற பல நோய்களுக்கும் பொதுவானவை. தனி இரத்தப் பரிசோதனை செய்தால்தான் புருசெல்லா பிடிபடும்.

காய்ச்சலோடு போய்விட்டால் பரவாயில்லை. இக்கிருமி வெள்ளணுக்களுக்குள்ளேயே ஒளிந்து வாழும். சிலருக்கு அது மூளை உறையையும் நரம்புகளையும் தாக்குகிறது. அப்போது தீராத தலைவலி, குழப்பம், காது கேளாமை, கால் தளர்ச்சி ஆகியவை வரலாம். சாதாரண நிலையில் 6 வாரம் இரண்டு மருந்துகள் போதும். மூளையைத் தொட்டுவிட்டால் பல மருந்துகளை மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். பினாங்கில் குணமானவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு ஏதோ ஒரு குறை தங்கிவிட்டது. நூற்றுக்கு 21 பேருக்கு நோய் திரும்பி வந்தது.

"பால் கெட்டிருந்தால் வாடை தெரியாதா?" என்று கேட்கலாம். தெரியாது. புருசெல்லா கலந்த பாலும் நல்ல பாலைப் போலவே மணக்கும், ருசிக்கும்.

தப்பிக்கும் வழி நம் அடுப்பிலேயே இருக்கிறது. பாலைப் பொங்கவிட்டு இறக்குங்கள். பிறகு குடியுங்கள், பிள்ளைகளுக்கும் கொடுங்கள். பாலின் சத்து பெரிதாகக் குறைந்துவிடாது.

ஏற்கெனவே பச்சைப்பால் குடித்தவருக்கு வாரக்கணக்கில் காய்ச்சல் நீடித்தால், கிளினிக்கில் டாக்டர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். "நான் பச்சைப்பால் குடித்தேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை 53 நாள் அலைச்சலைக் குறைக்கலாம்.