அரைக் கிலோ பஞ்சு, பத்து லிட்டர் காற்று

ஒட்டுத்துணிப் போர்வை தைக்க உட்காருகிறவர்கள் நிறத்தைப் பற்றி நாள்கணக்கில் யோசிப்பார்கள். மாம்பழ மஞ்சளுக்குப் பக்கத்தில் கிளிப்பச்சை எடுபடுமா, அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையை நடுவில் கொண்டுவரலாமா என்று துண்டுகளைத் தரையில் பரப்பி, மாற்றி மாற்றி அடுக்கிப் பார்ப்பார்கள். ஆனால் மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே போகிற பஞ்சு மட்டும், கடையில் அன்றைக்கு எது கிடைத்ததோ அதுவாக இருக்கும்.

நானும் முதல் போர்வையை அப்படித்தான் தைத்தேன். ஊட்டியில் குடியிருக்கும் அக்காவுக்காகத் தைத்தது. கனமாக இருந்தால்தான் குளிர் தாங்கும் என்று நம்பி, பஞ்சை இரண்டு மடங்காக வைத்தேன். அது உள்ளே புரளாமல் இருக்கட்டும் என்று விரற்கடைக்கு ஒரு வரி என்று நெருக்கித் தைத்தேன். மூன்று மாத வேலை. அக்கா அதை ஆசையோடு போர்த்திக்கொண்டாள். ஆனால் மார்கழி இரவுகளில் அதன்மேல் ஒரு கம்பளியையும் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அவ்வளவு பஞ்சு இருந்தும் ஏன் குளிர்ந்தது? இந்தக் கேள்விதான் என்னைப் பஞ்சுக்குள் கொண்டுபோனது.

சூடு யாருடையது?

போர்வைக்குச் சொந்தச் சூடு கிடையாது. தூங்குகிற மனித உடம்பு ஏறக்குறைய 70 வாட் வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. பழைய 60 வாட் குண்டு பல்பைவிடச் சற்று அதிகம். அந்தச் சூடு அறைக்குள் ஓடிவிடாமல் தாமதப்படுத்துவது மட்டுமே போர்வையின் வேலை. ஐஸ் கட்டியை மரத்தூளிலும் சாக்கிலும் பொதிந்து வைப்பதும் இதே வேலைதான். அங்கே வெளிச்சூடு உள்ளே வராமல் தடுக்கிறோம்; இங்கே உள்சூடு வெளியே போகாமல் தடுக்கிறோம்.

தடுப்பது பஞ்சு என்றுதான் யாரும் நினைப்போம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் போர்த்திக்கொள்ளும் போர்வைக்கு ஒன்றரை மீட்டர் அகலம், 2.2 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 3 மில்லிமீட்டர் தடிமனில் பருத்திப் பஞ்சு விரிப்பு. எடை அரைக் கிலோ. அந்த விரிப்பு அடைத்துக்கொள்ளும் இடம் ஏறக்குறைய 10 லிட்டர். பருத்தி இழையின் அடர்த்தி நீரைப் போல ஒன்றரை மடங்கு. ஆகவே அரைக் கிலோ பஞ்சிலுள்ள காற்றையெல்லாம் பிழிந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது மூன்றில் ஒரு லிட்டர். ஒரு சொம்புகூட நிரம்பாது. நூற்றில் தொண்ணூற்றாறு பங்குக்கு மேல் காற்று. விலை கொடுத்து வாங்கியது பஞ்சு, போர்த்திக்கொள்வது காற்று.

அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். பருத்தி இழை காற்றைவிடப் பல மடங்கு வேகமாகக் கடத்தும்; தண்ணீர் இருபது மடங்குக்கும் மேல். அப்படியானால் இரண்டு துணிகளுக்கு நடுவே வெறும் இடைவெளி விட்டால் போதாதா? போதாது. சூடான காற்று மேலே எழும், குளிர்ந்தது கீழே இறங்கும். அந்தச் சுழற்சியே வெப்பத்தைச் சுமந்துகொண்டு போய்விடும். காற்றை நகரவிடாமல் பிடித்துவைக்கத்தான் இழைகள் வேண்டும். ஒவ்வொரு இழையையும் ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப் படலம் தங்கியிருக்கும். இழைகள் நெருங்கியிருக்கும் இடத்தில் படலத்தோடு படலம் சேர்ந்து, காற்றுக்கு ஓட வழி இல்லாமல் போகிறது. உடம்பிலிருந்து கதிராகப் போகிற வெப்பத்தையும் வழியெல்லாம் இழைகள் மறித்துக்கொள்கின்றன.

இதை அளக்க ஒரு அலகு உண்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருந்த ஷெர்லி நிறுவனம் 1940-களில் உருவாக்கிய ‘டாக்’ என்னும் அலகு. அங்கே கோடைக்கால மெத்தைப் போர்வை 4.5 டாக், கடும் குளிருக்கானது 13.5 டாக் என்று அச்சிட்டு விற்கிறார்கள். தளர்வான பஞ்சு ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு ஏறக்குறைய இரண்டரை டாக் தரும். கவனியுங்கள், இங்கே பேசப்படுவது தடிமன். எடைக்கு இந்தக் கணக்கில் நேரடியாக இடமே இல்லை. இரண்டு மடங்கு பஞ்சு வைத்து அதே தடிமனுக்கு அழுத்தித் தைத்தால், சுமைதான் இரட்டிக்கும். நான் செய்தது அதைத்தான்.

முறுக்கும் வளைவும்

எல்லாப் பஞ்சும் காற்றைப் பிடிக்கும் என்றால் எதை வாங்கினால் என்ன? பிடிக்கிற விதத்தில்தான் வேறுபாடு இருக்கிறது.

பருத்தி இழை ஒவ்வொன்றும் விதையின் தோலிலிருந்து நீண்டு வளர்ந்த ஒற்றைச் செல். காய்க்குள் இருக்கும்வரை அது ஈரமான உருண்டைக் குழாய். காய் வெடித்து வெயில் பட்டதும் உள்ளீரம் வற்றி, குழாய் நசுங்கி, நாடா போலத் தட்டையாகி, தானே முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கு இருப்பதால்தான் ஓர் இழை இன்னோர் இழையைப் பற்றுகிறது. நூல் நூற்க முடிகிறது. விரிப்பாகப் பரப்பினால் பிய்ந்துபோகாமல் நிற்கிறது.

இலவம் பஞ்சு கதையே வேறு. அதன் இழை விதையில் முளைப்பதில்லை. காயின் உட்சுவரில் முளைக்கிறது. காய்ந்த பிறகும் நசுங்காமல் உருண்டையாகவே நிற்கும். சுவர் மிக மெல்லியது, உள்ளே முழுக்கக் காற்று, வெளியே மெழுகுப் பூச்சு. காற்று பிடிக்க இதைவிடப் பொருத்தமான இழையைக் கண்டுபிடிப்பது கடினம். தண்ணீரும் ஒட்டாது, தன் எடையைப் போல முப்பது மடங்கைத் தண்ணீரில் தாங்கி மிதக்கும். அதனால்தான் ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு உடைகளில் இதை அடைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜாவா தீவு 1942-இல் ஜப்பான் கைக்குப் போனதும் அமெரிக்காவுக்கு இலவம் பஞ்சு வரத்து நின்றுபோனது. அங்கே பள்ளிப் பிள்ளைகள் வயலோரங்களில் அலைந்து, நம் எருக்கின் உறவுக்காரச் செடி ஒன்றின் காய்களை மூட்டை மூட்டையாகச் சேகரித்துக் கொடுத்தார்கள். இரண்டு மூட்டைக் காய்ப் பஞ்சு, ஒரு கடற்படை வீரரின் உயிர்காப்பு உடை.

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர் பக்கத்து இலவம் பஞ்சில் தலைவைத்துத் தூங்கியவர்களுக்கு அதன் மென்மையைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் தைத்த போர்வைக்கு அது ஒத்துவராது. முறுக்கு இல்லாததால் இழையும் இழையும் பற்றிக்கொள்வதில்லை. வழுக்கி ஓரத்தில் போய்ச் சேரும். மடக்கி மடக்கித் துவைத்தால் ஒடிந்து தூளாகும். இலவு காத்த கிளி பழத்துக்குக் காத்திருந்து ஏமாந்தது போல, அதைப் போர்வைக்குள் வைத்தவரும் ஏமாந்துபோவார். தலையணை உறைக்குள் அடைத்து வைத்தால் அதே பஞ்சு பல வருடம் உழைக்கும்.

ஆட்டு மயிரில் முறுக்குக்குப் பதிலாக இயல்பான சுருள் இருக்கிறது. இழையின் உட்பகுதி இரண்டு வேறு தன்மையுள்ள பாதிகளால் ஆனது. இரண்டும் ஒரே அளவில் சுருங்குவதில்லை என்பதால் இழை தானே வளைகிறது. அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழுகிற சிறு ஸ்பிரிங். ஊசி அதற்குள் வெண்ணெயில் போவது போலப் போகும். ஆனால் வெந்நீரில் போட்டு அலசினால், இழையின் மேலுள்ள செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு விரிப்பு சுருங்கிக் கட்டியாகிவிடும்.

நம் கடைகளில் ‘ரெக்ரான்’ என்று கேட்டு வாங்குவது பாலியெஸ்டர் பஞ்சு. அந்தப் பாலியெஸ்டரை வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் 1941-இல் இங்கிலாந்தில் உருவாக்கினார்கள். அதற்குச் சுருளைத் தொழிற்சாலையில் வெப்பம் கொடுத்துப் பதியவைக்கிறார்கள். எடை குறைவு, உப்பல் அதிகம், சுருங்காது. ஆனால் சூடுகொடுத்து வந்த சுருள் சூட்டாலேயே போகும். தைத்த போர்வையின்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் உப்பல் தட்டையாகி, பிறகு எழுந்திருக்காது.

வியர்வை என்னும் பரீட்சை

ஈரப்பதமுள்ள சராசரிக் காற்றில் பருத்தி தன் எடையில் எட்டரை சதவீதம் அளவுக்கு ஈரத்தை ஏற்றுக்கொள்கிறது. ஆட்டு மயிர் ஏறக்குறைய 16 சதவீதம். பாலியெஸ்டர் 0.4 சதவீதம்தான். ஏசி அறையில் போர்த்திக்கொண்டு தூங்கும்போது, நள்ளிரவில் மின்சாரம் போனால் இந்த எண்களின் பொருள் உடம்புக்கே தெரியும். பருத்தி வியர்வையின் ஆவியைக் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் இழைக்கு அந்தக் கொள்ளளவு இல்லை, சீக்கிரமே புழுங்கும்.

அதே குணம்தான் பருத்தியை அமுக்கவும் செய்கிறது. ஈரம் புகுந்த பருத்தி இழையில் மூலக்கூறுகளுக்கு இடையிலான சிறு பிணைப்புகள் விட்டுப்போகும். அழுத்தத்தில் வளைந்த நிலையிலேயே காய்ந்தால், அந்த வளைவோடு புதிதாகப் பிணைந்துகொள்ளும். சட்டையில் கசங்கல் விழுவதும், பழைய மெத்தை பலகையாவதும் ஒரே காரணத்தால்தான். “மெத்தையை வெயிலில் போடு” என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதில் இந்த அறிவு இருக்கிறது. வெயில் ஈரத்தை வெளியேற்றுகிறது. தட்டி உதறும்போது இழைகள் பிரிந்து, போன காற்று திரும்பி வருகிறது.

தையல் வரியின் விலை

ஊசி ஏறி இறங்கும் இடத்தில் தடிமன் காணாமல் போகிறது. ஒவ்வொரு தையல் வரியும் போர்வையில் ஒரு குளிர்ந்த கோடு. ஆனாலும் தைக்காமல் இருக்க முடியாது. தைக்காத பஞ்சு இரண்டு துவையலில் உருண்டு மூலைக்குப் போய்விடும். எவ்வளவு தள்ளித் தைக்கலாம் என்பதைப் பஞ்சுதான் தீர்மானிக்கிறது. வெறுமனே பரப்பிய பருத்திக்கு இரண்டு இன்ச்சுக்கு ஒரு வரி வேண்டும். ஊசிகளால் குத்திக் குத்தி இழைகளைப் பின்னவைத்த இன்றைய விரிப்புகளுக்கு எட்டு இன்ச் தள்ளிக்கூடத் தைக்கலாம். எத்தனை இன்ச் என்று உறையிலேயே போட்டிருப்பார்கள். பலரும் படிக்காமல் விடுவது அந்த வரியைத்தான்.

இதைக் கைகளால் அறிந்தவர்கள் உலகமெங்கும் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவுக்குள் இருக்கும் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள், பருத்தி அரைவை ஆலையின் தரையில் சிந்திய பஞ்சைக் கூட்டி வந்து, கோலால் அடித்துத் தூசு போக்கி, பழைய வேலை உடைகளுக்கு நடுவே வைத்துத் தைத்தார்கள். சுவரிடுக்கில் காற்று வீசும் வீடுகளில் பிள்ளைகளைக் காக்கத் தைத்தவை அவை. 2002-இல் அவை ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் தொங்கின. வங்காளத்தின் காந்தாவிலோ பஞ்சே இல்லை. பழைய சேலைகளை அடுக்கி, நெருக்கமான ஓடு தையலால் பிணைப்பார்கள். வட கர்நாடகத்துச் சித்தி மக்களின் கவந்தியும் பழந்துணி அடுக்குதான். சேலைக்கும் சேலைக்கும் நடுவே தங்குகிற மெல்லிய காற்றே அங்கெல்லாம் பஞ்சின் வேலையைச் செய்கிறது.

ஆகவே, பஞ்சு வாங்கும் முன் உங்களையே மூன்று கேள்வி கேளுங்கள். எந்த ஊரில், எந்த அறையில் இதைப் போர்த்தப் போகிறார்கள்? சென்னை ஏசி அறைக்கு 3 மில்லிமீட்டர் பருத்தி தாராளம். மலைக்கு உப்பலான ஆட்டு மயிரோ பாலியெஸ்டரோ நல்லது. கையால் தைக்கிறீர்களா, மெஷினிலா? கைத்தையலுக்கு ஊசி தடையில்லாமல் போகும் மெல்லிய விரிப்பு வேண்டும். இல்லாவிட்டால் விரல் நுனி புண்ணாகும். எப்படித் துவைப்பார்கள்? பருத்தி விரிப்பு முதல் துவையலில் மூன்று முதல் ஐந்து சதவீதம் சுருங்கும். இரண்டு மீட்டர் போர்வையில் ஒரு சாண் நீளம்கூடக் கழியாது, ஆனால் மேல்துணி முழுக்க மெல்லிய சுருக்கம் விழும். அந்தப் பழமை சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் ஒரு சாண் சதுரத்தில் வெட்டித் தைத்து, துவைத்துக் காயவைத்துப் பாருங்கள். அடர்நிறத் துணியின் வழியே வெள்ளை இழை எட்டிப்பார்க்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

வில்லும் பஞ்சும்

அக்காவின் போர்வையைப் போன வருடம் திரும்பி வாங்கினேன். தையலையெல்லாம் பிரிக்க இரண்டு வாரம் ஆனது. உள்ளே பஞ்சு அட்டை போல இறுகிக் கிடந்தது. அதை வில் வைத்துப் பஞ்சு அடித்துக் கொடுக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பஞ்சைக் கையால் பிய்க்கவே இல்லை. நாண் பஞ்சில் படும்படி வில்லைப் பிடித்து, மரக்கட்டையால் நாணைத் தட்டினார். அதிர்கிற நாண் தொட்ட இடமெல்லாம் இழைகள் துள்ளிப் பிரிந்தன. தூசும் விதைத் துணுக்கும் கனத்தால் கீழே தங்கின. பஞ்சு மட்டும் மேலே எழுந்து பொங்கியது. கடல் அலையில் காற்று மோதித் தெறிக்கும் பிசிருக்கு, வில்லால் அடித்த பஞ்சை உவமையாக்கிய நற்றிணைப் புலவர் இந்தக் காட்சியைக் கிட்ட நின்று பார்த்திருக்க வேண்டும். இரண்டிலும் காற்று ஒரு பொருளைப் பிரித்து வெளுக்க வைக்கிறது.

பெரியவர் அடித்து முடித்தபோது, அட்டையாகக் கிடந்த பஞ்சு அவர் இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருந்தது. ஒரு பிடிகூட அவர் புதிதாகச் சேர்க்கவில்லை. அதில் பாதியை மட்டும் எடுத்து, இரண்டு இன்ச் தள்ளித் தள்ளி வரி போட்டுத் தைத்து ஊட்டிக்கு அனுப்பினேன். மீதிப் பாதி இரண்டு தலையணைகளாயிற்று. தை மாதத்தில் அக்கா போன் செய்தாள். கம்பளியை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டாளாம்.