கடற்காற்று நமக்குச் சுகம்... கிராபிக்ஸ் கார்டுக்கு? புதுச்சேரிவாசிகள் கவனிக்க!

மே மாத மதியம். அனலில் தகிக்கும் புதுச்சேரியில் கிழக்கிலிருந்து கடற்காற்று வீசத் தொடங்கியதும் ஊரே கொஞ்சம் மூச்சுவிடும். ஆனால், அந்தக் காற்று உப்பையும் ஈரப்பதத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. அது என்ன செய்யும் என்பதை, கடற்கரைச் சாலையை ஒட்டிய வீடுகளில் துருவேறிய ஜன்னல் கம்பிகளே சொல்லிவிடும். அதே காற்றைத்தான் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் நாள் முழுக்க உள்ளே இழுக்கிறது. ஆசை ஆசையாகப் பணம் சேர்த்து வாங்கிய கிராபிக்ஸ் கார்டும் அதற்குள்தான் இருக்கிறது.

ஆறு சீலிங் ஃபேன் மின்சாரம்

1999-ல் வந்த என்விடியா ஜீஃபோர்ஸ் 256 கார்டைக் குளிர்விக்க ஒரு குட்டி விசிறி போதுமானதாக இருந்தது. 2022-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டோ, 450 வாட்ஸ் வரை இழுக்கும். சாதாரண சீலிங் ஃபேன்கள் ஆறு ஓடுவதற்குச் சமம் இது. அத்தனையும் கடைசியில் வெப்பமாகவே வெளியேற வேண்டும்.

சிப்பின் சூடு, தெர்மல் பேஸ்ட் வழியாக மேலே உள்ள உலோகத் தகட்டுக்குப் போகிறது. அங்கிருந்து ஹீட் பைப் எனப்படும் செம்புக் குழாய்கள் அதை வாங்கிக்கொள்கின்றன. குழாய்க்குள் இருக்கும் துளி நீர், சூட்டில் ஆவியாகி, மறுமுனையில் மீண்டும் நீராகித் திரும்பும். இட்லிப் பானை மூடியில் ஆவி நீராகிச் சொட்டுகிறதே, அதே கதைதான். அந்தச் சூட்டை அலுமினியத் தகடுகள் பரப்ப, விசிறிகள் வெளியே தள்ளுகின்றன.

இதில் ஒரு சிக்கல். அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாகக் கார்டை மாற்ற எந்த விசிறியாலும் முடியாது. 28 டிகிரி அறையில் 70 டிகிரி காட்டும் கார்டு, 38 டிகிரி அறையில் அதே வேலைக்கு 80-ஐ நெருங்கும். சூடு எல்லையைத் தொட்டால், கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் திணறும். 'கார்டு போச்சு' என்று புதிதுக்குப் பணம் புரட்டும் முன், இவற்றைப் பாருங்கள்.

என்னென்ன பார்க்கலாம்?

* வெப்பநிலை: விண்டோஸ் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியிலேயே தெரியும்.

* விசிறி: வேலை இல்லாதபோது சுற்றாமல் நிற்பது பல கார்டுகளின் இயல்பு, பதற வேண்டாம். கேம் ஓடும்போதும் நின்றாலோ, கரகரவென்று சத்தம் வந்தாலோதான் கோளாறு.

* தூசு: கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மென்மையான பிரஷ்ஷாலும் புளோயராலும் நீக்குங்கள். அப்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

* உப்பு: செம்பில் பச்சைக் களிம்பு, அலுமினியத்தில் வெள்ளைப் பொடி, திருகுகளில் துரு... இவை அரிப்பின் அடையாளங்கள். செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குபவர்கள் முதலில் இவற்றைத்தான் தேட வேண்டும்.

* பேஸ்ட்: சில வருடங்களில் காய்ந்துவிடலாம். தூசு நீக்கியும் சூடு குறையாவிட்டால் மாற்றிப் பார்க்கலாம். மெமரி சிப்கள் மீதிருக்கும் தெர்மல் பேடை மாற்றினால், அதே தடிமனில் வாங்குவது முக்கியம். வாரன்ட்டி இருந்தால் நீங்களாகப் பிரிக்காமல் சர்வீஸ் சென்டரிடம் கொடுப்பதே நல்லது.

கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே கம்ப்யூட்டரை வைக்காதீர்கள். ஓடும்போது துணி போட்டு மூடாதீர்கள். அணைத்து, சூடு ஆறியபின் மூடுங்கள். ஜன்னலோரக் கடற்காற்று உங்களுக்கு மட்டும் இருக்கட்டும்!