மாவும் வீசமும்: பின்னக் கூட்டலில் பொதுப்பகுதி கற்பித்தல்

பின்னக் கூட்டலில் மாணவர் செய்யும் பிழைகளுள் நன்கு அறியப்பட்டது, தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டிவிடுவதாகும். 1/2 + 1/4 = 2/6 என எழுதும் மாணவர், அரையோடு காலைச் சேர்த்த பின்னர் விடை அரையைவிடக் குறைந்திருப்பதைக் கவனிப்பதில்லை. அவரிடமே அரையும் காலும் எவ்வளவு என வாய்மொழியாக வினவினால், முக்கால் என்னும் விடை எளிதில் வந்துவிடக்கூடும். எழுத்தில் பகுதி அவருக்குக் கோட்டின்கீழ் நிற்கும் மற்றோர் எண்ணாகவே தோன்றுகிறது, அலகாகத் தோன்றுவதில்லை.

தமிழ் மரபுப் பின்னங்கள் இவ்விடத்தில் துணைசெய்கின்றன. திண்ணைப் பள்ளிகளில் மனனம் செய்யப்பட்ட எண்சுவடியிலும் காரி நாயனாரின் கணக்கதிகாரத்திலும் பின்னங்கள் பெயர்ச்சொற்களாக வழங்குகின்றன. 1/20 மா, 1/16 வீசம் அல்லது மாகாணி, 1/80 காணி, 1/320 முந்திரி. பகுதி பெயருக்குள் அடங்கிவிடுவதால், இருமாவோடு மும்மாவைக் கூட்டுதல் வெறும் எண்ணுதலே: ஐந்து மா, அதாவது கால்.

அலகு வேறுபடும்போதுதான் பொதுப்பகுதி வேண்டப்படுகிறது. ஒரு மாவையும் ஒரு வீசத்தையும் நேரே சேர்த்து எண்ண இயலாது. மா நான்கு காணி. வீசம் ஐந்து காணி. ஆகவே கூடுதல் ஒன்பது காணி, 9/80. இங்குக் காணியின் பகுதியான 80, 20க்கும் 16க்கும் மீச்சிறு பொது மடங்காகும். மடங்கு காணாமல் பகுதிகளைப் பெருக்கினாலோ 320 கிடைக்கும், அது முந்திரி. 16 முந்திரியும் 20 முந்திரியும் 36 முந்திரி. விடை மாறுவதில்லை, சுருக்கும் வேலை மட்டுமே கூடுகிறது. எந்தப் பொது மடங்கும் போதுமானது, மீச்சிறியது வசதிக்கே என்பதனை உணர்த்த இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. வகுப்பறையில் மீச்சிறு பொது மடங்கு காண்பதே நோக்கம்போல் ஆகிவிடுவதுண்டு.

இப்பெயர்கள் இன்று பெரிதும் வழக்கொழிந்தன. ரூபாயில் வீசம் ஓர் அணாவாக இருந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் 100 நயா பைசாவாயிற்று. மாவும் காணியும் அறியாத மாதவரம் மாணவருக்கு, பால்பண்ணையால் பெயர்பெற்ற அவ்வூரில், பாலின் அளவு அயலானதன்று. 1/2 லிட்டரோடு 1/5 லிட்டரைக் கூட்டி 2/7 என எழுதக்கூடியவரும் 500 மில்லிலிட்டரோடு 200 மில்லிலிட்டரைச் சேர்த்து 700 என்பார். மில்லிலிட்டர் இங்கு 1000 என்னும் பொதுப்பகுதியாக நிற்கிறது. அங்கிருந்து 5/10 + 2/10 ஓரடித் தொலைவே.

மூன்றில் ஒன்று இவ்வழிக்கு அடங்காது. 320ஐயும் 1000ஐயும் 3 மீதியின்றி வகுப்பதில்லை. எனவே 1/3 + 1/4 என்னும் கணக்கில் மேற்கூறிய ஆயத்த அலகுகள் எவையும் உதவா. பன்னிரண்டில் ஒரு பங்கு என்னும் அலகை மாணவரே ஆக்கி, நான்கும் மூன்றும் ஏழு என எண்ணவேண்டும். இத்தகைய கணக்குகளை முதலில் அன்றி, பெயருள்ள அலகுகளில் கை பழகிய பின்னரே தருதல் தகும்.