காசை நிறுத்துப் பார்த்தவர்

நெல்லில் மரபணு வரைபடம் போடும் ஆய்வு மாணவர்கள் கணினியில் ஓரிடத்தில் நின்று ஒரு தேர்வு செய்தாக வேண்டும். ‘ஹால்டேன்’ என்று ஒரு பெயர் இருக்கும், ‘கோசாம்பி’ என்று ஒரு பெயர் இருக்கும். இரண்டில் ஒன்றைச் சொடுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நாலு தெரு தள்ளி ஒரு கலைக் கல்லூரியில் எம்.ஏ. வரலாறு படிக்கிறவரைக் கேளுங்கள், அவருக்கும் கோசாம்பியைத் தெரியும். ‘பண்டைய இந்தியா’ எழுதியவர், மார்க்சிய வரலாற்றாசிரியர், தேர்வில் கட்டாயம் வரக்கூடிய பெயர். இரண்டு கோசாம்பியும் ஒரே ஆள்தான் என்றால் வேளாண்மை படிப்பவரும் நம்பமாட்டார், வரலாறு படிப்பவரும் நம்பமாட்டார். நானே ரொம்ப நாள் ஒருவர் அப்பா, ஒருவர் மகன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவும் சாதாரண ஆள் இல்லை. தர்மானந்த கோசாம்பி, புத்தரைப் பற்றிப் படிக்க வேண்டும் என்ற ஒரே வெறியில் கோவாவில் வீட்டை விட்டுக் கிளம்பி, இலங்கை வரை போய், கொழும்பு வித்யோதய பிரிவெனாவில் பாலி கற்றவர். பிறகு ‘விசுத்திமக்க’ என்ற பாலி நூலைப் பதிப்பிக்கும் வேலைக்காக ஹார்வர்டுக்கு அழைக்கப்பட்டார். அங்கே போனபோது ஒருமுறை பள்ளி வயது மகன் தாமோதரையும் கூட்டிப்போனார். மகன் அங்கேயே வளர்ந்து, 1929-ல் ஹார்வர்டில் பி.ஏ. முடித்து ஊர் திரும்பினார். படித்து வாங்கிய பட்டம் அவருக்கு அது ஒன்றுதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தவர் காசியில் கணக்கு வாத்தியார் ஆனார், அப்புறம் அலிகார். அலிகாருக்கு அழைத்தவர் பிரெஞ்சுக் கணித மேதை ஆந்த்ரே வெய்ல். இரண்டு பேரும் இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர்கள், குறும்புக்குக் கேட்க வேண்டுமா? தலைக்கனம் பிடித்த சக ஆசிரியர் ஒருவரை மடக்குவதற்காக, வெய்லின் தூண்டுதலில், 1931-ல் கோசாம்பி ஒரு கட்டுரை எழுதினார். புர்பாகி என்ற ரஷ்யக் கணிதவியலாளரின் தேற்றத்தைத் தான் விரிவுபடுத்துவதாகச் சொன்னார். அப்படி ஓர் ஆளே கிடையாது. சில ஆண்டுகள் கழித்து வெய்லும் நண்பர்களும் பிரான்சில் சேர்ந்து, ‘நிக்கோலா புர்பாகி’ என்ற பொய்ப் பெயரில் எழுதிய புத்தகங்கள் இருபதாம் நூற்றாண்டுக் கணிதத்தையே திருப்பிப் போட்டன. அச்சில் புர்பாகி முதன்முதலில் தலைகாட்டியது கோசாம்பியின் அந்தக் கட்டுரையில்.

அலிகாரிலிருந்து புனே பெர்குசன் கல்லூரி. அங்கேதான் அவர் தராசைக் கையில் எடுத்தார்.

புள்ளியியலைக் கோசாம்பி யாரிடமும் போய்க் கற்கவில்லை. நிஜமான கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும் என்பது அவர் எண்ணம். முதலில் மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை வைத்துக் கணக்குப் போட்டார். அதில் சுவாரசியம் தீர்ந்ததும் கையில் எடுத்தவை, இந்தியாவின் மிகப் பழைய வெள்ளிக் காசுகளான முத்திரைக் காசுகள். வெள்ளித் தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி, எடை கூடினால் ஒரு மூலையை நறுக்கி, முன்பக்கம் சூரியன் முதலான ஐந்து முத்திரைகளைக் குத்தி விட்ட காசுகள். அரசன் பெயர் கிடையாது, ஆண்டு கிடையாது, ஓர் எழுத்துகூடக் கிடையாது. எடை 32 குன்றிமணி. ஆமாம், நம் ஆசாரிகள் தங்கம் நிறுக்க வைத்திருந்த, சிவப்பும் கறுப்புமான அதே குன்றிமணிதான். இன்றைய கணக்கில் ஏறக்குறைய மூன்றரை கிராம்.

இந்தக் காசுகளில் எது முந்தியது, எது பிந்தியது? அதுவரை அறிஞர்கள் முத்திரைகளை உற்று உற்றுப் பார்த்து, இது இன்ன அரசனுடையதாக இருக்கலாம் என்று ஊகம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோசாம்பி படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு எடையைப் பார்த்தார். காசு கைமாறக் கைமாறத் தேயும். எல்லாக் காசும் ஒரே அளவு தேயாது. ஒன்று கடைவீதியில் அலைந்துகொண்டே இருக்கும், இன்னொன்று யாரோ ஒரு பாட்டியின் சுருக்குப்பையில் ஆண்டுக்கணக்கில் தூங்கும். ஆகவே நாள் போகப் போகச் சராசரி எடை குறையும், காசுக்குக் காசு வித்தியாசம் கூடும். ஒரே இடத்தில் கிடைத்த காசுக் குவியலை வகை பிரித்து நிறுத்தால், எந்த வகை அதிக காலம் புழங்கியது என்று எடையே சொல்லிவிடும்.

சொல்வது சரி, நிரூபணம் எங்கே? அதற்கு அவர் போன வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. தன் காலத்துக் காசுகளை எடுத்துக்கொண்டார். அவற்றில் அச்சிட்ட ஆண்டு பொறித்திருக்கும், ஆகவே எத்தனை ஆண்டு புழங்கின என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆயிரக்கணக்கான காசுகளை ஒவ்வொன்றாக ஆய்வுக்கூடத் தராசில் வைத்து எடை குறித்தார். கணக்கு ஒத்துவந்தது. அதே முறையைத் தட்சசீலத்தில் கிடைத்த பழங்காசுகளுக்கும் பொருத்தினார்.

அந்தக் காசுகளின் பின்பக்கத்தில் சின்னச் சின்னக் குத்துகள் இருக்கும், சிலவற்றில் ஒன்றிரண்டு, சிலவற்றில் நிறைய. பின்பக்கக் குத்து கூடக் கூடக் காசின் எடை குறைகிறது என்று கோசாம்பி கண்டார். அப்படியானால் இவை ஒரே நாளில் அக்கசாலையில் விழுந்த முத்திரைகளாக இருக்க முடியாது. வணிகர்கள் அவ்வப்போது காசைச் சோதித்து, ‘செல்லும்’ என்று குத்திவிட்ட அடையாளம். எழுத்தே இல்லாத ஒரு வெள்ளித் துண்டு, இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய கடைவீதியில் தான் அலைந்த கதையைச் சொன்னது இப்படித்தான். எந்தக் காசு எந்த அரசனுடையது என்று அவர் சொன்னதில் பலவற்றைப் பின்னால் வந்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. நிறுத்துப் பார்க்கும் முறை மட்டும் நிலைத்துவிட்டது.

இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒன்றைப் பிடித்து ஒன்று. காசை அச்சிட்டது யார் என்று தெரிய வேண்டுமானால் பழைய நூல்களைப் படிக்க வேண்டும். நூல்களைப் படிக்கத் தன் சமஸ்கிருதம் போதாது என்று பட்டது. சமஸ்கிருதத்தைப் பழக்கிக்கொள்ளக் கவி பர்த்ருஹரியின் சதகங்களை எடுத்தார். எடுத்த பிறகு, கிடைக்கும் பிரதிகளில் ஒன்றோடொன்று பாடம் ஒத்துப்போகவில்லை என்று கண்டார். வேறு யாராக இருந்தாலும் நல்ல உரை ஒன்றைக் கடையில் வாங்கியிருப்பார்கள். கோசாம்பி நூற்றுக்கணக்கான கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு, 1948-ல் தானே ஒரு செம்பதிப்பைக் கொண்டுவந்தார். கணித வாத்தியார் பதிப்பாசிரியரான கதை இதுதான். 1957-ல் வித்யாகரர் என்ற பௌத்தத் துறவி தொகுத்த ‘சுபாஷித ரத்னகோச’த்தையும் வி.வி. கோகலேயுடன் சேர்ந்து ஹார்வர்டு வரிசையில் பதிப்பித்தார்.

நூல்களில் இருந்தது அரசர், அந்தணர் கதை. அவற்றில் இல்லாததைத் தேடிக் காலால் நடந்தார். புனேயைச் சுற்றியுள்ள குன்றுகளில், நகத்தளவே இருக்கும் நுண்கற்கருவிகளைப் பொறுக்கிச் சேர்த்தார். அவை கிடைத்த இடங்களையும், ஆடு மேய்ப்பவர்கள் இன்றைக்கும் நடக்கும் தடங்களையும், தடங்கள் கூடும் இடத்தில் செந்தூரம் பூசிய கல்லாக இருக்கும் தாய்த்தெய்வங்களையும், பௌத்தக் குகைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒரே வழியில் கிடந்தன. ஊர்த்தெய்வம் ஏன் முச்சந்தியில் நிற்கிறது என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? அந்த முச்சந்தி, ஊர் உண்டாவதற்கு முன்பே அலைகுடிகள் சந்தித்துக்கொண்ட இடம் என்பது அவர் சொன்ன விடை. 1956-ல் வந்த அவருடைய இந்திய வரலாற்று அறிமுக நூலும், 1962-ல் வந்த ‘தொன்மமும் உண்மையும்’ நூலும் இந்த நடையில் பிறந்தவை.

மரபணு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு குரோமோசோமில் இரண்டு மரபணுக்கள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று நேராக அளந்துவிட முடியாத காலம் அது. சந்ததிகளில் அவை எத்தனை சதவீதம் பிரிந்து போகின்றன என்று எண்ணி, அதிலிருந்து தூரத்தைக் கணிக்க வேண்டும். ஹால்டேன் 1919-ல் ஒரு சூத்திரம் தந்திருந்தார். ஓரிடத்தில் குரோமோசோம் துண்டுகள் மாறிக்கொள்வது பக்கத்து இடத்தைப் பாதிக்காது என்பது அதன் அடிப்படை. உண்மையில் ஓரிடத்தில் மாற்றம் நடந்தால் அதை ஒட்டிய இடத்தில் இன்னொன்று நடப்பது குறையும். 1944-ல் நான்கே பக்கக் கட்டுரையில் கோசாம்பி இந்தக் குறுக்கீட்டையும் கணக்கில் சேர்த்துப் புதுச் சூத்திரம் தந்தார். மரபணுக்கள் 20 சதவீதம் பிரிகின்றன என்றால், ஹால்டேன் கணக்கில் தூரம் 25.5 சென்டிமார்கன், கோசாம்பி கணக்கில் 21.2. உயிரியலில் அவர் அதற்கு மேல் பெரிதாக எதையும் எழுதவில்லை. எண்பது ஆண்டு தாண்டியும் அந்த நான்கு பக்கம் வயலில் வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்தக் கட்டுரைக்கு முந்தைய ஆண்டு அவர் எழுதிய வேறொரு கணிதக் கட்டுரையின் முடிவுக்கு, பின்னால் தனித்தனியாக அதையே கண்டுபிடித்த கார்ஹூனன், லோவ் இருவர் பெயர்தான் நிலைத்தது. அவர் பெயரையும் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு.

1940-களின் நடுவில் ஹோமி பாபா தன் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அழைத்துக்கொண்டார். வீடு புனேயில், வேலை பம்பாயில், நடுவே டெக்கான் குயின் ரயில். ஆனால் முடிவு நல்லபடியாக இல்லை, அதில் கோசாம்பியின் பங்கும் உண்டு. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது அவருக்கே பிடிக்காது. 1859 முதல் கணித உலகம் மோதிக்கொண்டிருக்கும் ரீமான் கருதுகோளை நிரூபித்துவிட்டதாக 1959-ல் எழுதினார். பகா எண்களைப் பற்றிய அந்தக் கட்டுரை வெளியான இடம் ஒரு வேளாண் புள்ளியியல் இதழ்! நிரூபணம் நிற்கவில்லை, இன்றுவரை யாரும் அதை நிரூபிக்கவுமில்லை. காசுக்குக் கைகொடுத்த நிகழ்தகவு பகா எண்ணுக்கும் கைகொடுக்கும் என்று நம்பியதுதான் பிசகு. ஆயிரம் காசை நிறுத்த பிறகே ஒரு வரி எழுதிய மனிதர், இங்கே அவசரப்பட்டார். சக கணிதவியலாளர்கள் சங்கடப்பட்டார்கள். அணுசக்தியே கதி என்றிருந்த பாபாவிடம், வெயில் கொட்டும் நாட்டுக்குச் சூரியசக்தி போதாதா என்று அவர் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டிருந்தது வேறு. 1962-ல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. 1966 ஜூன் 29 அன்று புனே வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டார். 58 வயது.

‘எல்லாவற்றிலும் கை வைத்தார், எதிலும் நிற்கவில்லை’ என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நின்றது ஒரே இடத்தில்தான்: யாரோ சொன்னதை நம்பாமல் எடுத்து நிறுத்துப் பார்ப்பதில். சுவடியும் அவருக்குத் தராசில் வைக்க வேண்டிய பொருள்தான், குன்றில் கிடந்த கல்லும் அப்படியே. துறைப் பெயர்களெல்லாம் நாம் அலமாரிக்கு ஒட்டிய சீட்டுகள்.

இப்போது பல்கலைக்கழகங்களில் ‘பல்துறை ஆய்வு’ பற்றிக் கருத்தரங்கு நடக்காத மாதமே இல்லை. கருத்தரங்கு முடிந்து வெளியே வந்தால் நிலவரம் வேறு. தமிழ்நாட்டில் அரசு வேலைக்குப் படிக்கிறவர்களுக்கு, ஒரு பட்டம் கேட்கப்பட்ட பட்டத்துக்குச் சமமா என்று பார்க்கும் ‘இணைத்தன்மை’ என்ற சொல்லின் அர்த்தம் நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்த பெண் ஒருவர், பட்டத்தின் பெயரில் ‘பயன்பாட்டு’ என்று ஒரு சொல் கூடுதலாக இருந்ததால், தேர்வில் தேறியும் சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பப்பட்டார். பாடமெல்லாம் ஒன்றே, தலைப்பில் மட்டும் ஒரு சொல் அதிகம்.

கோசாம்பிக்கு அந்தச் சிக்கல்கூட வந்திருக்காது. முதுகலை இல்லை, முனைவர் பட்டம் இல்லை, நெட் தேர்வு இல்லை. 1929-ல் வாங்கிய அந்த ஒரு பி.ஏ.வை வைத்துக்கொண்டு இன்று உதவிப் பேராசிரியர் பணிக்கு அவர் விண்ணப்பித்தால், கணிதத் துறையோ வரலாற்றுத் துறையோ, நேர்காணலுக்கே கூப்பிடமாட்டார்கள்.