கைமருந்தும் அதன் எல்லையும்

ஊருக்கு ஒரு பரியாரியாரும் வீட்டுக்கு ஒரு பாட்டியாரும் இருந்து நோய்க்கு மருந்து செய்த காலம் ஒன்று யாழ்ப்பாணத்தில் இருந்தது. பரியாரியார் நாடி பார்த்தார். பாட்டியாரோ அடுக்களையில் இருந்த சரக்கையும் வேலியோரத்தில் நின்ற பச்சிலையையும் கொண்டே தடிமனையும் இருமலையும் வயிற்றுப் பொருமலையும் ஆற்றினார். இம்முறையையே கைமருந்து என்கிறோம். இதனை முற்றும் பழமையென்று தள்ளுவாரும், முற்றும் போதுமென்று கொள்ளுவாரும் இன்று நம்மிடையே உளர். இருவரும் ஒருபுறமே பார்க்கின்றனர் என்பது எம் கருத்து.

மருந்தைப் பற்றிய எண்ணம் தமிழர் வாழ்வில் ஆழ வேரூன்றியது. பதினெண்கீழ்க்கணக்கில் திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி என்னும் மூன்று நூல்கள் மருந்தின் பெயரையே தம் பெயராகக் கொண்டன. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். நம் நாட்டிலே யாழ்ப்பாணத்து அரசர் பெயரால் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் எழுந்தன. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்த அமெரிக்கராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து நூல்களையும் தமிழிலே ஆக்கினார். இரு மருத்துவமும் தமிழில் நின்று பேசிய மண் இது. ஆதலின் ஒன்றையொன்று பகையாகக் கொள்ள நமக்குக் காரணமில்லை.

இனி அன்றாட நோய்கள் சிலவற்றை எடுத்து நோக்குவோம்.

தடிமனும் இருமலும் கண்டபோது கொத்தமல்லியையும் வேர்க்கொம்பையும் தட்டி நீரிலிட்டு, நான்கு பங்கு ஒரு பங்காக வற்றக் காய்ச்சிப் பனங்கற்கண்டு சேர்த்துப் பருகுதல் நம் வழக்கம். எம் விடுதி நாள்களில் மாரி தொடங்கியதும் சமையற்கட்டிலிருந்து எழுந்த அக்குடிநீரின் மணம் இன்னும் நினைவில் நிற்கின்றது. தடிமன் நுண்கிருமியால் வருவது. சில நாளில் தானே தீர்வது. குடிநீர் அக்கிருமியைக் கொல்வதில்லை. எனினும் சூடான நீர் தொண்டையை நனைத்துச் சளியை இளக்குகின்றது. உடலின் நீர் குறையாமலும் காக்கின்றது. தேன் இருமலைத் தணிப்பதை அண்மைக்கால ஆராய்ச்சிகளும் காட்டியுள்ளன. ஆயின் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுத்தலாகாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து, முதிராத குடலில் முளைத்து, நரம்பைத் தளர்த்தும் கொடிய நஞ்சை உண்டாக்கும். ஆவி பிடித்தலிலும் எச்சரிக்கை வேண்டும்; கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்த சிறுவர் பலர்.

பல்வலிக்குக் கராம்பை வைத்தல் காரணமற்ற வழக்கன்று. கராம்பு எண்ணெயில் உள்ள யூசினோல் என்னும் பொருள் வலியுணர்வை மரக்கச் செய்வது. பல் வைத்தியரும் தற்காலிகமாகப் பல்லை அடைக்கும் கலவையில் அதனைச் சேர்ப்பர். ஆனால் வலி அடங்கியதால் பற்சொத்தை நீங்கிவிட்டதென்று எண்ணுதல் பிழை.

வயிற்றோட்டமே குழந்தைகளைப் பொறுத்தவரை மிகக் கவனிக்கத்தக்கது. வயிற்றோட்டக்காரருக்கு நீர் கொடுத்தால் ஓட்டம் மிகும் என்று நிறுத்திவைக்கும் தவறான எண்ணம் பல இல்லங்களில் இருந்தது. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரிழப்பே. 1971ஆம் ஆண்டு வங்காள அகதி முகாமொன்றில் வாந்திபேதி பரவியபோது, நரம்புவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோகவே, திலிப் மகலனோபிசு என்னும் மருத்துவர் உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரை வாய்வழியாகக் கொடுப்பித்தார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த சாவு 4க்கும் குறைந்தது. இதன் காரணம் எளிது. குடற்சுவர் சருக்கரையை ஈர்க்கும்போது உப்பையும் உடன் ஈர்க்கின்றது. அவற்றைத் தொடர்ந்து நீரும் உட்செல்கின்றது. நம் நாட்டில் ஜீவனி என்னும் பெயரில் இத்தூள் கிடைக்கும். அது கைக்கெட்டாதபோது, கொதித்தாறிய நீர் ஒரு லீற்றரில் மட்டமான தேக்கரண்டியால் 6 கரண்டி சீனியும் அரைக் கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். அளவு தவறலாகாது, உப்பு மிகுந்தால் தீங்கு. தாய்ப்பாலை நிறுத்தலாகாது. உப்பிட்ட கஞ்சியும் உதவும்.

எல்லா வழக்கும் சோதனையில் நிலைத்துவிடுவதில்லை. பெயர் சொல்லா மருந்து என்று நம் பெண்டிர் போற்றிய வசம்பைப் பச்சைக் குழந்தைக்கு உரைத்துக் கொடுத்தனர். அதிலுள்ள ஒரு பொருள் எலிகளுக்குப் புற்றுநோயை விளைத்ததாகக் காணப்பட்டமையால், 1968ஆம் ஆண்டு அமெரிக்க அரசு உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்தது. பிறந்து ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி வேறொன்றும் வேண்டா என்பதே இன்றைய மருத்துவர் துணிபு.

மற்றோர் உண்மையும் உண்டு. பச்சிலை என்பதனாலேயே ஒன்று தீங்கற்றது ஆகாது. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள காரப்பொருள் சில ஆங்கில மருந்துகளை இரத்தத்தில் மிகச் செய்யும். இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போர் உள்ளியை மருந்தளவில் மிகுதியாக உண்ணல் நன்றன்று. நீரிழிவுடையார் பாவற்காயும் வெந்தயமும் உண்ணலாம். அவற்றை நம்பி மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தலாகாது. ஆதலின் வீட்டில் உண்பதை மருத்துவரிடம் மறையாது கூறுக.

காய்ச்சலைப் பற்றிக் கூறாது முடித்தல் தகாது. எமக்கு நெருங்கிய இல்லமொன்றில், மழைக்காலத்தில், பள்ளிச் சிறுவன் ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் குடிநீரே மருந்தாயிற்று. நான்காம் நாள் உடல் குளிர்ந்தது. குடிநீர் வென்றதென்று யாமும் மகிழ்ந்தோம். அன்று மாலையே வயிற்று நோவும் ஓயாத வாந்தியும் தோன்ற, மருத்துவமனைக்கு விரைந்தோம். டெங்கு என்றனர். பல நாள் கழித்துப் பிழைத்து மீண்டான். டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையே இடர்மிகு வேளை என்பதை அன்றுதான் அறிந்தோம்; அப்போதே குருதி நாளங்களிலிருந்து நீர் கசிந்து இரத்த ஓட்டம் தளரும். கொத்தமல்லி செய்த குற்றம் இதில் இல்லை. அதன் எல்லையை அறியாதிருந்த எம் குற்றமே. காய்ச்சற்காரருக்குப் பரசிற்றமோல் அன்றி அஸ்பிரின், இபுபுரூபன் முதலியன கொடுத்தலாகாது. அவை இரத்தக் கசிவை மிகுக்கும். மூன்றாம் நாளுக்குள் இரத்தச் சோதனை செய்வித்தல் வேண்டும். வயிற்று நோ, விடாத வாந்தி, முரசில் இரத்தம், சோர்வு, சிறுநீர்க் குறைவு இவற்றுள் ஒன்று காணினும் ஒரு நாழிகையும் தாழ்த்தலாகாது. பாம்புக்கடிக்கும் அவ்வாறே, பச்சிலை தேடும் பொழுதே உயிர் போக்கும் பொழுதாகும்.

பழைய நூலைச் சோதித்துப் பார்ப்பதால் அதன் பெருமை குறைவதில்லை. சீனத்துப் பழைய மருத்துவ நூலொன்றில் கண்ட குறிப்பைப் பின்பற்றி, மாசிபத்திரி இனச் செடியொன்றிலிருந்து மலேரியாவிற்கு மருந்து கண்ட தூ யூயூ அம்மையாருக்கு 2015ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. கைதடியில் 1984ஆம் ஆண்டு பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கல்வி தொடங்கியது. விஞ்ஞானம் பயிலும் எம் கல்லூரி மாணவருள் சிலராயினும் இத்துறையிற் புகுந்து, ஏட்டில் உள்ளதை ஆய்வுகூடத்தில் நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

ஏனையோர் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. வீட்டில் முதியோர் இருப்பாராயின், அவர் அறிந்த கைமருந்துகளை, சரக்கின் பெயரும் அளவும் பிழையாமல், இன்றே கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வைக்குக. அதன் எதிர்ப்பக்கத்தில், எந்தக் குறி கண்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதையும் எழுதுக. இரண்டு பக்கமும் நிரம்பிய கொப்பியே ஒரு குடும்பத்துக்குத் தக்க மருத்துவ நூலாகும்.